பின்பக்கம் போட்ட நங்கூரம்: வடமேற்கு ஒன்டாரியோ ஏரியில் ஒரு வள்ளக் கவிழ்வு

இது ஆறு நண்பர்களின் வருடாந்த மீன்பிடிப் பயணத்தில் நடந்த வள்ளக் கவிழ்வு ஒன்றின் பதிவு. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். மற்ற ஐந்து பேரும் வாசித்து, தங்களுக்கு நினைவிருந்ததைச் சேர்த்து, சரி என்று சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. அந்த இரவில் எவரையும் இழக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இழந்திருக்கக்கூடிய இடங்கள் எவை என்பதுதான் இந்தப் பதிவின் வேலை. ரொறன்ரோவிலிருந்து நம்மவர்கள் பலர் இப்போது வடக்கு ஏரிகளுக்குப் போகிறார்கள். அவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

பின்னணி

ஸ்கார்பரோவில் ஒரு தொழிற்சாலையின் இரவு வேலையில் பழக்கமானவர்கள் நாங்கள். தொழிற்சாலை மூடிப் பல வருடமாகிவிட்டது, ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டோம். ஆனால் மே மாதக் கடைசி வாரத்தை மட்டும் எவரும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த வாரம் வோல்ஐ மீனுக்கு.

அந்தப் பகுதியில் வோல்ஐ பிடிக்கும் பருவம் மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை திறக்கும். பனிக்கட்டி உருகியதும் ஆறுகளிலும் கல் நிறைந்த ஆழமில்லாத இடங்களிலும் முட்டையிட்ட மீன்கள், அதன் பிறகு சில வாரம் ஆற்று வாய்களிலேயே பசியோடு நிற்கும். வோல்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. பூனையின் கண்போல இருட்டில் மின்னும். எங்களுக்குள் அதற்கு ‘முழியன்’ என்று பெயர். வெளிச்சம் குறைந்த நேரத்தில் இரை மீனுக்கு இதைச் சரியாகத் தெரியாது, இதற்கு இரை தெரியும். அதனால் விடியலும் பொழுதுபடும் நேரமும்தான் நல்ல நேரம். பகலிலும் காற்றடித்து நீர் குழம்பி வெளிச்சம் உடைந்தால் கடிக்கும். கண்ணாடிபோல ஏரி கிடந்தால் அந்தப் பக்கத்து மீன்பிடிகாரர் சலித்துக்கொள்வார்கள், சிற்றலை எழுந்தால் முகம் மலரும். இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீன் நன்றாகக் கடிக்கும் வேளையும் சின்ன வள்ளத்துக்கு ஆபத்தான வேளையும் இந்த மீனைப் பொறுத்தவரை ஒன்றுதான்: காற்று, குறைந்த வெளிச்சம், ஆற்று நீரோட்டம், உருகிச் சில நாளேயான தண்ணீர்.

ரொறன்ரோவிலிருந்து சுப்பீரியர் ஏரிக்கரையோரமாக இரண்டு நாள் ஓட்டி, வெர்மிலியன் பேயில் வடக்கே திரும்பினால் 105ஆம் நெடுஞ்சாலை ரெட் லேக்கில் முடியும். அதற்கப்பால் எங்கள் ஏரிக்குத் தெருவே இல்லை. பீவர் வகை மிதவை விமானம் இரண்டு தடவையில் எங்களையும் சாமானையும் இறக்கிவிட்டு, ஏழு நாள் கழித்துத்தான் ஏற்றவரும். ஏரியில் ஒரே ஒரு குடில். கைத்தொலைபேசிக்கு அலை கிடையாது. குடிலை வாடகைக்கு விடும் முகாம்காரர் தந்த மூன்று அலுமினிய வள்ளங்கள், ஒவ்வொன்றும் 14 அடி, 9.9 குதிரைத்திறன் எஞ்சின். எங்களுடைய செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று. ஆறு பேருக்கு ஒன்று.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை அங்கேதான் தொடங்கியது. எங்களில் ஒருவர் வடமேற்கு ஒன்டாரியோவின் தண்டர் பே நகரில் பிறந்து வளர்ந்தவர். பத்து வயதிலிருந்து ஏரிகளில் திரிந்தவர், இந்தப் பயணத்தை எங்களுக்குப் பழக்கியவரும் அவர்தான். அவரைத் தண்டர் பே நண்பர் என்கிறேன். இன்னொருவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையைச் சேர்ந்தவர், எங்களுக்குள் வயதில் மூத்தவர். நாங்கள் எல்லோரும், தண்டர் பே நண்பர் உட்பட, அவரை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவோம். இளமையில் 15 வருடம் கடலுக்குப் போனவர். மற்றவர்கள் ஒரு பஸ் ஓட்டுநர், மச்சான்மார் இருவர், நான்.

அது எங்கள் 11ஆவது பயணம். முந்தைய பத்திலும் பெரிய காயம்கூட ஒருவருக்கும் பட்டதில்லை.

நான்காம் நாள் பின்னேரம்

காலையில் தெற்கிலிருந்து இளங்காற்று, வெயில். மீன் அதிகம் கடிக்கவில்லை. மத்தியானம் கரையில் அடுப்பு மூட்டிக் காலையில் பிடித்த இரண்டே இரண்டு மீனையும் உருளைக்கிழங்கையும் பொரித்துச் சாப்பிட்டோம். அந்தப் பாத்திரப் பெட்டி எங்கள் வள்ளத்திலேயே இருந்துவிட்டது. எடுத்துவைக்கச் சோம்பல்.

ஐந்தரைக்கு மூன்று வள்ளமும் புறப்பட்டன. மச்சான்மார் குடிலுக்குப் பக்கத்துக் குடாவிலேயே நின்றார்கள். பஸ் ஓட்டுநரும் நானும் ஏரியின் கிழக்கே, ஒரு தீவின் மேற்குப் பக்கம் போனோம். தண்டர் பே நண்பரும் அண்ணையும் அந்தத் தீவுக்கு அப்பால், ஆறு ஏரியில் விழும் வாய்க்குப் போனார்கள். குடிலிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று யாரும் பேசவில்லை. பொழுதுபடுவது ஒன்பது மணி கழித்துத்தான், அதற்குள் எல்லோரும் வந்துவிடுவோம் என்பது எங்கள் வழக்கம்.

எங்கள் வள்ளத்து மீன் தேடும் கருவியில் தண்ணீரின் வெப்பம் 8 பாகை செல்சியஸ் என்று இருந்தது. அந்த எண்ணை நான் பார்த்தேன். மீனுக்கு நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆற்று வாயில் நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் பொருந்துகின்றன. தண்டர் பே நண்பர் எஞ்சின் பக்கம் இருந்தார். இடம் பார்த்ததும், தன் காலடியில் கிடந்த நங்கூரத்தை அப்படியே பின்பக்கத்தால் இறக்கி, கயிற்றை எஞ்சின் பூட்டியிருக்கும் பின்பலகையின் கைப்பிடியில் கட்டினார். ஆழம் 4 மீற்றர், விட்ட கயிறு 12 மீற்றர் இருக்கலாம். சின்ன ஏரிகளில் அமைதியான நாளில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். எழும்பி முன்னுக்குப் போகத் தேவையில்லை, வள்ளமும் அதிகம் ஆடாது. அப்போது காற்று இல்லை, ஆற்றோட்டம் மட்டும்தான். அண்ணை முன்பக்கம் அணியத்தில் இருந்தார். அவர் சிவப்பு உயிர்காப்பு அங்கியைப் போட்டு, கொளுவிகளையும் பூட்டியிருந்தார். நண்பர் தன்னுடையதை மடித்து இருக்கைமேல் போட்டு அதன்மேல் இருந்தார்.

கடி தொடங்கியது. ஏழு மணிக்குள் ஒன்பது மீனைப் பிடித்து விட்டார்கள். 46 சென்டிமீற்றருக்கு மேற்பட்டது ஒருவருக்கு ஒன்றுதான் வைத்திருக்கலாம் என்பதால் பெரியவற்றைத் தண்ணீருக்கே திருப்பினார்கள். அந்த வருடத்தின் முதல் நல்ல மணித்தியாலம் அது.

ஏழே காலளவில் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. தீவின் மறுபக்கத்தில் இருந்த எங்களுக்கு அது தெளிவாகவே தெரிந்தது. மேற்கு வானம் ஈயம்போலக் கறுத்து, கன்னத்தில் குளிர் பட்டது, ஐந்து நிமிடத்தில் அலையின் தலையில் வெள்ளை நுரை தெரிந்தது. நாங்கள் தூண்டிலைச் சுருட்டினோம்.

அங்கே நான் எடுத்த முடிவு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். நேரே குடிலுக்குப் போவதுதான் வழக்கம். ஒவ்வொரு வள்ளமும் தன் பாட்டில் வந்து சேரும். ஆனால் அன்று காலையில், ஆற்று வாய்க்குப் போன வள்ளத்தின் எஞ்சின் இரண்டு தடவை நின்று போயிருந்தது. ஓட்டுநர் அதை நினைவுபடுத்தி, “ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவமா?” என்று கேட்டார். பத்து நிமிடம் கூடும், காற்றும் ஏறுகிறது, இருந்தாலும் சரி என்று தீவைச் சுற்றினேன். அவர் அதைக் கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

கவிழ்ந்த விதம்

கட்டிய வள்ளம் எந்தப் பக்கம் கட்டப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கும். அணியம் அலையைப் பிளக்கும் வடிவம், உயரமும் கூட. பின்பக்கமோ தட்டைப் பலகை. எஞ்சினுக்காக அதன் நடுப்பகுதி இன்னும் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கும். எஞ்சின், பெற்றோல் தாங்கி, ஓட்டுபவர் என்று பாரமெல்லாம் அங்கேதான். போதாததற்குக் கயிறு குறைவாக விட்டிருந்தால், அலை தூக்கும்போது நங்கூரம் கீழே இழுத்துப் பிடிக்கும். அன்று ஆற்றோட்டம் ஏரியை நோக்கியும் காற்று ஆற்றை நோக்கியும் போனதால், இரண்டும் மோதிய இடத்தில் அலைகள் குட்டையாகவும் குத்தெனவும் எழுந்தன.

முதல் அலை பின்பலகைக்கு மேலால் வந்து நண்பரின் சப்பாத்தை நனைத்தது. அவர் உடனே நங்கூரத்தைத் தூக்க எழுந்து, பின்பக்கம் குனிந்து கயிற்றை இழுத்தார். இழுக்க இழுக்கப் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. இரண்டாவது அலை பாதி வள்ளத்தை நிரப்பியது. மூன்றாவதில் வள்ளம் இடப்பக்கம் உருண்டது. கயிற்றை வெட்ட வேண்டும் என்று அண்ணைக்குத் தோன்றியதாம். கத்தி மீன் பெட்டிக்குள் இருந்தது.

கவிழ்ந்த வள்ளம் தாழவில்லை, இருக்கைகளுக்குள் நுரைப்பஞ்சு இருந்ததால் அடி மேலாக மிதந்தது. ஆனால் நங்கூரம் இன்னும் பிடித்திருந்ததால் கரைக்கும் ஒதுங்கவில்லை. கரை 200 மீற்றரில், மரங்கள் தனித்தனியாகத் தெரியும் தூரத்தில் இருந்தது. நண்பர் நீந்தத் தெரிந்தவர். போய்விடலாம் என்று வள்ளத்தை விட்டுக் கையை எடுத்தார்.

குளிர் நீரைப் பற்றி மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ஒரு கணக்கு இருக்கிறது: 1, 10, 1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது, அந்த ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். உணர்விழக்க 1 மணித்தியாலமளவு எடுக்கும். குளிர் நீரில் போகிறவர்களில் பலர் உடம்பு முழுதாகக் குளிர்ந்து போவதில்லை, அதற்கு முன்னாலேயே கை வலுவிழந்து, நீந்த முடியாமல் மூழ்கிப் போகிறார்கள். உயிர்காப்பு அங்கி இருப்பவருக்குத்தான் அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்கும்.

அண்ணைக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவருக்குத் தெரிந்தது 28 பாகைக் கடல். ஆனால் அந்தக் கடல் அவருக்கு ஒன்றைப் பழக்கியிருந்தது: மிதக்கும் வள்ளத்தை விடக்கூடாது. அவர் நண்பரின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். அந்த நேரத்தில் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. “விடாதை, விடாதை” என்று தமிழிலேயே கத்தினார். நண்பருக்கு விளங்கியது. அவருடைய கையைத் தன் அங்கியின் தோள்பட்டிக்குள் நுழைத்து, தன் மற்றக் கையால் வள்ளத்தின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டார் அண்ணை. சில நிமிடத்தில் நண்பரின் விரல்கள் மடங்கவில்லை. பட்டிக்குள் நுழைத்த கைதான் அவரை மேலே வைத்திருந்தது.

தண்ணீரிலிருந்து கரைக்கு

தீவின் முனையைத் திரும்பியதும் ஓட்டுநர்தான் முதலில் கண்டார். ஒரு சிவப்புப் புள்ளியும் அதன் பக்கத்தில் வெள்ளியாக ஏதோ பளபளப்பும். நாங்கள் கிட்டப் போகும்போது அவர்கள் தண்ணீரில் இருந்து எங்கள் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல், 20க்குள்.

நேரே அலையோடு அவர்கள்மேல் போகவில்லை. கடந்து போய், காற்றுக்கு எதிராகத் திருப்பி, அணியத்தைக் கொடுத்து மெதுவாக நெருங்கி எஞ்சினை நிறுத்தினேன். எஞ்சின் விசிறி மனிதர் பக்கம் சுற்றக்கூடாது. நான் நண்பரைத் தூக்கக் குனிந்ததும் வள்ளம் பயங்கரமாகச் சரிந்தது. தண்ணீருக்குள் இருந்தே அண்ணை சத்தமிட்டார்: “தம்பி, மற்றப் பக்கம் ஆளை இருத்து!” ஓட்டுநர் பாரமான மனிதர். அவர் எதிர்ப்பக்க விளிம்பில் போய் இருந்தார். நான் நண்பரின் இடுப்புப் பட்டியைப் பிடித்து உருட்டி உள்ளே எடுத்தேன். அண்ணை எங்கள் கயிற்றில் ஒரு தடம் போடச் சொல்லி, அதற்குள் காலை வைத்து, நான் அங்கியைப் பிடித்திழுக்க ஏறினார். ஏறும்போது விளிம்பில் விலா இடித்தது.

இப்போது 14 அடி வள்ளத்தில் நான்கு பேர், அடியில் தண்ணீர். குடிலில் அடுப்பும் கட்டிலும் உலர்ந்த உடுப்பும் இருந்தன. ஓட்டுநர் அங்கேயே போவோம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் காற்றுக்கு எதிராக 7 கிலோமீற்றர், அரை மணித்தியாலத்துக்கு மேல், நனைந்த இருவர் காற்றில். இரண்டாவது வள்ளமும் கவிழ்ந்தால் தேடி வர எவரும் இல்லை. ஆற்று வாய்க்குத் தெற்கே 300 மீற்றரில் ஒரு கல் முனையும் அதன் பின்னால் காற்று படாத சின்னக் குடாவும் இருந்தன. அங்கே போனோம். அன்று எடுத்த முடிவுகளில் எனக்கு இன்றும் சந்தேகமில்லாத ஒன்று அதுதான்.

கரையில் நண்பர் மோசமானார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பேச்சு குழறியது, தன் அங்கியைத் தேடினார். ஜக்கெற்றின் சிப்பைத் திறக்க அவருடைய விரலாலும் முடியவில்லை, என்னுடையதாலும் முடியவில்லை. கடைசியில் மீன் வெட்டும் கத்தியால் கிழித்தேன். தண்ணீரிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும் என்று வேலையிடத்து முதலுதவி வகுப்பில் சொன்னது நினைவிருந்தது. அதனால் அவரை நடக்க விடவில்லை, கைகாலைத் தேய்க்கவும் விடவில்லை. ஈர உடுப்பைக் கழற்றி, ஓட்டுநரின் உலர்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டு, பெரிய குப்பைப் பையின் அடியில் ஓட்டை போட்டு அதைத் தலைவழியாக மாட்டினோம். ஸ்ப்ரூஸ் கிளைகளை வெட்டிப் பரப்பி அதன்மேல் கிடத்தினோம். ஓட்டுநர் அவரோடு நெஞ்சை ஒட்டிப் படுத்தார்.

பேர்ச் மரப் பட்டை ஈரத்திலும் பற்றும். ஸ்ப்ரூஸின் கீழ்க் கிளைகள் செத்துக் காய்ந்திருக்கும். தீ மூட்டுவதில் எங்களுக்குக் கஷ்டமிருக்கவில்லை. எடுத்துவைக்கச் சோம்பிய அந்தப் பாத்திரப் பெட்டிதான் இங்கே வந்து நின்றது: லைட்டர், கேத்தல், தேயிலை, சீனி. நண்பர் தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் தேநீர் கொடுத்தோம், நிறையச் சீனியோடு. பெட்டியில் விஸ்கியும் இருந்தது. அண்ணை கை நீட்டினார். குடித்தால் சூடுபோலத் தெரியும், தோலின் இரத்தக்குழாய் விரிந்து உள்வெப்பம்தான் வெளியே போகும் என்று சொன்னேன். பேசாமல் கையை மடக்கிக்கொண்டார்.

பத்து மணிக்குமேல் நண்பரின் நடுக்கம் தணிந்தது. தணிந்ததைக் கண்டு முதலில் பயந்தேன், ஏனென்றால் உடம்பு தோற்றுப்போகும்போதும் நடுக்கம் நிற்கும். அவருடைய மகளின் பிறந்த நாளைக் கேட்டேன். சரியாகச் சொல்லி, ஏன் கேட்கிறாய் என்றும் கேட்டார். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன்.

செய்திக் கருவி குடிலில், அலமாரியின் மேல் தட்டில் இருந்தது.

குடிலில் இருந்தவர்கள்

மச்சான்மார் எட்டு மணிக்கே திரும்பிவிட்டார்கள். ஒன்பதரைக்கு இருட்டத் தொடங்கியதும் இருவருக்குள்ளும் வாக்குவாதம். ஒருவர் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தேடப் போவோம் என்றார். மற்றவர் செய்திக் கருவியின் அவசரப் பொத்தானை அமர்த்துவோம் என்றார். முதலாமவருக்கு அது அளவுக்கு மீறியதாகப் பட்டது. எங்காவது கரையில் காற்றுக்கு ஒதுங்கியிருப்பார்கள், பொத்தானை அமர்த்தினால் பொலீஸ் வரும், விமானம் வரும், அப்புறம் நாங்கள் சிரித்துக்கொண்டு வந்து நிற்போம் என்று அவர் நினைத்தார். இப்படி 40 நிமிடம் போனது. கடைசியில் முகாம்காரருக்கு ஒரு செய்தி அனுப்ப, உடனே அமர்த்துங்கள் என்று பதில் வந்தது.

அவசர நிலையம் ஒவ்வொன்றாகக் கேட்டது: எத்தனை பேர், கடைசியாக எங்கே பார்த்தீர்கள், என்ன உடுப்பு, அங்கி போட்டிருந்தார்களா. கடைசிக் கேள்விகளுக்கு அவர்களிடம் உறுதியான பதில் இல்லை. எந்த வள்ளம் எந்தப் பக்கம் போனது என்பதே ஊகம்தான். மாகாணப் பொலீசுக்கு அறிவித்தாயிற்று, இந்த இருட்டிலும் காற்றிலும் மிதவை விமானம் இறங்க முடியாது, விடிந்ததும் வரும், நீங்கள் இருவரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று பதில் வந்தது. அவர்கள் கீழ்ப்படிந்தார்கள். துறைமேடையில் விளக்கை எரியவிட்டு விடியும்வரை அதன் பக்கத்திலேயே இருந்தார்கள். அன்றிரவு எங்களைவிட அவர்கள்தான் அதிகம் துன்பப்பட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். எங்களுக்கு நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்றாவது தெரியும்.

விளைவு

அதிகாலை மூன்று மணிக்குக் காற்று விழுந்தது. நாலே முக்காலுக்கு வெளிச்சம் வந்ததும் நான்கு பேரும் கரையோரமாகவே மெதுவாக ஓட்டி வந்தோம். ஏழு மணி கழித்து விமானம் இறங்கி, நண்பரையும் அண்ணையையும் ரெட் லேக் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. நண்பரின் நெஞ்சுக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தது, ஒரு நாள் வைத்துப் பார்த்து விட்டார்கள். அவருடைய விரல் நுனிகளில் மரமரப்பு ஓகஸ்ட்வரை இருந்தது. அண்ணைக்கு விலாவில் கண்டல். வள்ளத்தை முகாம்காரர் எடுத்தார், நங்கூரம் அப்போதும் பிடித்துக்கொண்டுதான் இருந்ததாம். எஞ்சினுக்கான செலவை ஆறு பேரும் பங்கிட்டோம்.

ஜூலையில் அண்ணை வீட்டில் கூடினோம்

யாரையும் குற்றம் சொல்லக் கூடவில்லை. நடந்ததை நேர வரிசையில் எழுதிப் பார்க்கலாம் என்று நான்தான் கேட்டேன். அண்ணையின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடேயே இருந்தா. நங்கூரம் போட்ட இடத்துக்கு வந்தபோது அண்ணை தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

“பின்னாலை போட்டதைப் பாத்தனான். எங்கடை கடலிலை சின்னப் பெடியனும் அணியத்தாலைதான் போடுவான். சொல்லத்தான் நினைச்சனான். அவையின்ரை ஏரி, அவையின்ரை பழக்கம் எண்டு விட்டிட்டன்.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். தண்டர் பே நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நீங்கள் சொல்லியிருந்தால் நான் மாற்றிப் போட்டிருப்பேன் என்றார். அதை நான் நம்புகிறேன். அண்ணையும் நம்பினார், அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

அங்கிகள், கருவி, கயிற்றின் நீளம் எல்லாம் உண்மையான பிழைகள்தான், ஆனால் எந்தக் கையேட்டிலும் அவற்றுக்குப் பதில் இருக்கிறது. எங்களை உண்மையில் கவிழ்த்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். பத்து வருடமாக ஒருவரைத் தலைவராக வைத்துவிட்டோம். அவர் நல்லவர், தெரிந்தவர், எங்களுக்குக் கற்றுத் தந்தவர். அதனால் அவர் செய்வதை எவரும் திருப்பிக் கேட்டதில்லை. எங்களுக்குள் கடலை அறிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் இந்த ஏரியைப் பற்றி ஒரு தடவைகூட நாங்கள் கேட்டதில்லை, வெப்பக் கடல் வேறு குளிர் ஏரி வேறு என்று நினைத்துவிட்டோம். குளிர் விஷயத்தில் அது உண்மை. நங்கூரத்துக்கும் அலைக்கும் உண்மையில்லை. நானும் மூன்றாம் நாள் அதே வள்ளத்தில் தண்டர் பே நண்பர் அப்படிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மச்சான்மாரின் 40 நிமிடத்தைப் பற்றியும் பேசினோம். பொத்தானை உடனே அமர்த்தியிருந்தாலும் விமானம் விடிந்துதான் வந்திருக்கும், அதனால் விளைவு மாறியிராது. இருந்தாலும் நாங்கள் கரையில் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் தண்ணீரில் இருந்திருந்தால் அந்த 40 நிமிடம் இரண்டு உயிர். வீண் அழைப்பாகிவிடுமோ என்ற வெட்கத்துக்கு நேரம் வகுத்துவிட்டோம்: சொன்ன நேரத்துக்குப் பிறகு 30 நிமிடம், அதற்குமேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

மறுவருடம்

மறுவருடம் தண்டர் பே நண்பர் வரவில்லை. வீட்டில் விடவில்லை என்றார், அதுவும் காரணமாக இருக்கலாம். ஐந்து பேர் போனோம். அதற்கடுத்த வருடம் அவர் திரும்ப வந்தார்.

இப்போது துறைமேடையில் கால் வைக்கும் முன் அங்கியைப் பூட்டியாக வேண்டும், அதன் பையில் ஊதுகுழல். அதைக் கழற்றி இருக்கையில் போட்டால் வள்ளம் புறப்படாது. செய்திக் கருவி இரண்டு, குடிலில் ஒன்றும் தூரப் போகும் வள்ளக்காரரின் உடம்பில் ஒன்றும் இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு பலகை, யார் எந்த வள்ளத்தில் எங்கே போகிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று எழுதாமல் ஒருவரும் வெளிக்கிடுவதில்லை. தூர இடங்களுக்கு இரண்டு வள்ளம் ஒன்றாகத்தான் போகும், ஒன்றுக்கொன்று கண்ணில் படும் தூரத்தில் நிற்கும். லைட்டர், குப்பைப் பை, கம்பளிச் சட்டை, சீனி போட்ட நீர்புகாப் பை ஒவ்வொரு வள்ளத்திலும் உண்டு. பின்பலகைக் கைப்பிடிகளில் கயிறு கட்ட முடியாதபடி சிவப்பு நாடா சுற்றிவைத்திருக்கிறோம். நங்கூரக் கயிறு அணியத்து வளையத்தில் மட்டும். அதன் நீளம் 30 மீற்றர். பக்கத்திலேயே உறையோடு ஒரு கத்தி.

எளிதாக மாறாதது பேச்சு. முதல் நாள் இரவு ஒவ்வொருவரும் தனக்கு ஒவ்வாத ஒன்றையாவது சொல்லியே ஆக வேண்டும் என்று வைத்தோம். ஆரம்பத்தில் செயற்கையாகத்தான் இருந்தது. மச்சான்மாரில் இளையவர் நான் எஞ்சினை மிக வேகமாக ஓட்டுகிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இப்போது மெதுவாக ஓட்டுகிறேன்.

தண்டர் பே நண்பர் திரும்ப வந்த வருடம், மூன்றாம் நாள் பின்னேரம் அதே ஆற்று வாய்க்கு இரண்டு வள்ளமாகப் போனோம். அவரும் அண்ணையும் ஒரே வள்ளத்தில். நங்கூரத்தை அவர் அணியத்துக்குக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு அண்ணையைப் பார்த்தார். அண்ணை மேற்கே பார்த்தார், அப்புறம் விரலை நனைத்துக் காற்றில் பிடித்தார். தலையை ஆட்டினார். நண்பர் ஒன்றும் கேட்காமல் நங்கூரத்தைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை இழுத்தார். குடிலுக்குப் பக்கத்துக் குடாவில் ஒன்பது மணிவரை இருந்தோம். நான்கு பேருக்கும் சேர்த்து இரண்டு மீன்தான் பட்டது.